மேல்மாடியில் டிரில், கீழ்வீட்டில் தலைவலி
ஃபிளாட்டை இடித்துக் கட்டும் தில்லிவாசிகளின் சண்டையில் சட்டம் பாதி தூரம்தான் வருகிறது

காலை ஒன்பது மணி. மயூர் விஹாரில் ஒரு டி.டி.ஏ. ஃபிளாட். காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் மேல்மாடியில் டிரில் அலறத் தொடங்குகிறது. வீட்டைப் புதிதாக வாங்கியவர் பழைய தரையை உடைத்தெடுக்கிறார். கீழ்வீட்டுக் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்கிறது. "மூணே மாசம்தான்" என்று ஆறுதல் சொல்கிறார் கான்ட்ராக்டர். தில்லியில் இந்தக் காட்சியைப் பார்க்காத காலனி இருக்க முடியாது.

தில்லி வளர்ச்சி ஆணையம் வீடு கட்டத் தொடங்கியது 1967-ல். குடும்பங்கள் பெருத்தன, அறைகள் பெருக்கவில்லை. ஆகவே எல்லோரும் இடித்தார்கள். ஆணையமும் கடைசியில் இறங்கி வந்து ஒரு பட்டியல் போட்டது. நாலரை அங்குலச் சுவரை அகற்றலாம், தரையை மாற்றலாம், பால்கனிக்கு கிரில் போடலாம், அனுமதி தேவையில்லை. கூடுதல் அறை கட்டுவதென்றால் மட்டும் ஒரே படிக்கட்டைப் பயன்படுத்தும் மேல், கீழ் வீட்டுக்காரர்களின் சம்மதம் வேண்டும். கட்டடம் தாங்க வேண்டுமே என்ற கவலைதான் காரணம். நியாயமான கவலை: லட்சுமி நகர் அருகே லலிதா பார்க்கில் 2010 நவம்பரில் ஒரு கட்டடம் சரிந்து ஏறக்குறைய 70 பேர் மாண்டார்கள். ஆனால் கீழ்வீட்டுக்காரரின் காதைப் பற்றி அந்தப் பட்டியலில் பேச்சே இல்லை.

காதுக்கு வேறு சட்டம். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை சத்தமிடும் கட்டுமானக் கருவிகளை இயக்கக் கூடாது என்று 2010-ல் திருத்தமும் வந்தது. பகல்? டிரில்லின் பக்கத்தில் நின்றால் 90 டெசிபலைத் தாண்டுவது சர்வசாதாரணம். அதை அளக்க யார் வரப்போகிறார்கள்? பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குபவரும் காலனி சங்கத்தின் தயவை நம்ப வேண்டியதுதான். குளிர்காலத்தில் மட்டும் கொஞ்சம் நிம்மதி. காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டினால் கட்டுமான வேலைகளுக்குத் தடை வருகிறது. மூச்சுத் திணறினால்தான் காதுக்கு ஓய்வு!

ஜன்னல் விவகாரம் இன்னும் சிக்கல். மேலே ஒரு அறை முளைத்தால் பக்கத்து வீட்டுப் படுக்கையறை பளிச்சென்று தெரிகிறது. இந்த விஷயத்தில் புதிய கட்டட விதிகளைவிட வெள்ளைக்காரன் காலத்து வசதியுரிமைச் சட்டம் கரிசனமானது. 20 ஆண்டுகள் இடையூறின்றி அனுபவித்த வெளிச்சத்தையும் காற்றையும் 1882-ம் ஆண்டின் அச்சட்டம் காக்கிறது. வழக்கம் இருக்கும் ஊரில் அண்டை வீட்டு அந்தரங்கத்தைக் கெடுக்கும் புது ஜன்னலைத் திறக்கக் கூடாது என்றும் உதாரணம் காட்டுகிறது. 1888-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்த உரிமையை ஏற்றது. ஆனால் அப்படியொரு வழக்கம் இருப்பதை நிரூபிக்க வேண்டும். நேற்று குடிவந்தவர்கள் நிறைந்த காலனியில் என்ன வழக்கம்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அது அரசை எதிர்த்து எழுந்த வழக்கு, மேல்மாடிக்காரரை எதிர்த்து அல்ல.

மாநகராட்சியிடம் புகார் செய்யலாம். 1957-ம் ஆண்டுச் சட்டத்தின் 344-வது பிரிவு வேலையை நிறுத்தவும், 343 இடிக்கவும் அதிகாரம் தருகிறது. அங்கேதான் பலர் தயங்குகிறார்கள். இன்ஸ்பெக்டர் வந்தால் மேல்மாடியை மட்டுமா பார்ப்பார்? பழைய விதிமீறல்கள் பலவற்றுக்கு தில்லி சிறப்பு விதிகள் சட்டம் கவசம் தருகிறது. தாற்காலிகமாக 2006-ல் வந்த ஏற்பாடு அது. திரும்பத் திரும்ப நீண்டு, 2023-ல் மறுபடியும் 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. அந்தக் கவசத்துக்குள் தன் வீடும் அடங்குமா என்பது பலருக்குத் தெரியாது.

எனவே பேரம்தான் நடக்கிறது. மதியம் ஒன்று முதல் நான்கு வரை டிரில் கூடாது, ஞாயிறு விடுமுறை, ஒழுகினால் செலவு மேல்வீட்டுக்காரருடையது. முடிந்தால் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். மயூர் விஹார் வீட்டுக்காரரும் வாங்கிக்கொண்டார். கையெழுத்து போட்டதோ, பின்முற்றத்தில் அனுமதியில்லாமல் எழுப்பிய தன் சமையலறையில் உட்கார்ந்து.