வாகைக்குளத்தில் இறங்காத விமானம்

வடகிழக்குப் பருவமழையின்போது வாகைக்குளத்தை நெருங்கிய விமானம் தரையிறங்காமல் மேலேறித் திரும்பினால், நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் வரும் பயணிகள் விமானியைக் கடிந்துகொள்கிறார்கள். வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டுமே நம்பிப் பறப்பதற்கான தகுதித் தேர்வில் தேறியவன் என்ற முறையில், அவர் பக்கத்து நியாயத்தைக் கூற விரும்புகிறேன்.

மேகத்துக்குள் உடல் பொய் சொல்லும். விமானம் மெல்லச் சாய்ந்து வட்டமிட்டால், உட்செவித் திரவம் சிறிது நேரத்தில் அச்சுழற்சிக்கு இணங்கிவிடும். நேராகப் பறப்பதாகவே தோன்றும். 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரைச் சோதித்தது. ஒருவர் விடாமல் அனைவரும் கட்டுப்பாட்டை இழந்தனர். சராசரியாக 178 நொடிகளில்!

இந்தியாவில் இத்தகுதிக்கு 40 மணி நேரக் கருவிப் பயிற்சி தேவை. தேர்வன்று வெளியே பார்க்க முடியாதபடி கண்ணுக்கு மறைப்பு. என்னைத் தலைகுனியச் சொல்லிவிட்டு, விமானத்தைத் தாறுமாறாகச் சாய்த்து, "நேராக்குங்கள்" என்றார் தேர்வாளர். அதுகூடப் பழகிவிடும். கடினமானது இறுதிக் கட்டம். குறித்த உயரம் வரை இறங்கியும் ஓடுபாதை தெரியவில்லையென்றால் அக்கணமே மேலேற வேண்டும். இன்னும் ஐம்பது அடி இறங்கிப் பார்ப்போம் என்பவருக்குத் தேர்ச்சி கிடையாது.

2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. 2025 ஜூலையில் வாகைக்குளத்தில் புதிய முனையம் திறக்கப்பட்டது, ஓடுபாதையும் நீண்டிருக்கிறது. அந்த உயர வரம்பு மட்டும் நீக்கப்படவில்லை. திரும்பும் விமானத்தில் மாற்று நிலையம் வரை செல்வதற்கான எரிபொருளைப் புறப்படும் முன்பே கணக்கிட்டு நிரப்பியிருப்பார்கள்.