பார்வை நரம்பின் மூக்கு

சாவகச்சேரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "ஐயாவுக்குக் குளுக்கோமாவால் இரண்டு கண்ணும் தெரியாமல் போய்விட்டது. அமெரிக்காவில் முழுக் கண்ணையே மாற்றிவிட்டார்களாம். எங்கட நாடு உலகத்துக்கே கண் அனுப்புது. ஐயாவுக்கு ஒரு கண் கிடைக்காதோ?"

அந்தச் செய்தியில் பாதிதான் இங்கே வந்து சேர்ந்தது. 2023 மே மாதம் நியூயோர்க் மருத்துவர்கள் ஒருவருக்கு முகத்தின் ஒரு பகுதியோடு இடக்கண்ணையும் பொருத்தினார்கள். கண் உயிரோடு இருப்பதாகவும், குருதி ஓடுவதாகவும், விழித்திரை ஒளிக்குச் சிறிது துலங்கியதாகவும் அடுத்த ஆண்டு அறிக்கை வந்தது. ஆனால் அந்தக் கண்ணால் அவருக்குப் பார்வை வரவில்லை. தலைப்புப் போட்டவர்கள் இந்த வசனத்தை விட்டுவிட்டார்கள். நம்பிக்கையோடு வாசிக்கும் குடும்பங்களுக்கு அது பெரிய அநியாயம். எங்கள் நாடு அனுப்புவதும் முழுக்கண் அல்ல. 1961 இல் ஹட்சன் சில்வா இலங்கையில் தொடங்கிய கண் தானச் சங்கம் வெளிநாடுகளுக்கு அனுப்பிப் புகழ்பெற்றது விழிவெண்படலங்களை. அந்தப் படலம் ஒளியை உள்ளே விட்டால் போதும். குளுக்கோமா கெடுப்பதோ பார்வை நரம்பை. அதாவது, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் ஏறத்தாழ 10 இலட்சம் இழைகளை.

விழித்திரையில் அருகருகே தொடங்கும் இழைகள் மூளையிலும் அருகருகே போய் இறங்கவேண்டும். இல்லாவிட்டால் படம் குழம்பும். கருவிலே, வழிகாட்ட ஒருவருமில்லாமல், இது எப்படி நடக்கிறது?

நல்லூர்க் கொடியேறிய நாட்களில் ஒரு கூட்டம் பாசையூர் மீன்சந்தைப் பக்கம் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விரதகாரருக்கு வாடை தூரத்திலேயே பிடித்துவிடும், அங்கேயே நின்றுவிடுவார். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர் கருவாடு காயும் இடம்வரை போவார். மற்றவர்கள் தத்தம் மூக்கின் கூர்மைப்படி இடையிலே நிற்பார்கள். வாடைதான் மூளையிலுள்ள எஃப்ரின் என்ற புரதம். நடுமூளையின் முன்பக்கத்தில் குறைவாகவும் பின்பக்கம் போகப்போகக் கூடுதலாகவும் இருக்கும். மூக்கு, நரம்பிழையின் வளரும் நுனியிலுள்ள வாங்கி. விழித்திரையின் காதுப் பக்கத்து இழைகளுக்கு வாங்கிகள் அதிகம். அவை விரதகாரர், முன்னாலேயே நிற்கும். மறுபக்கத்து இழைகள் கருவாடுவரை போகும். கடற்கரைக்காரரும் முன்னாலேயே நின்றுவிடலாமே? முடியாது, அங்கே விரதகாரர் இடம்பிடித்துவிட்டார். இழைகளுக்கிடையிலும் அந்தப் போட்டி உண்டு. தெருவுக்குக் குறுக்கே யார் எந்தப் பக்கம் நிற்பது என்பதற்கு வேறொரு வாடை. சந்தையையே கழுவிவிட்டால்? எலிகளில் எஃப்ரினை நீக்கிப் பார்த்தார்கள். வரிசை குலைந்து இழைகள் கண்டபடி இறங்கின.

சரித்திரத்துக்கு ஒரு பந்தி போதும். 1940களில் றோஜர் ஸ்பெரி தவளையின் பார்வை நரம்பை வெட்டிக் கண்ணைத் தலைகீழாகத் திருப்பிவைத்தார். இழைகள் மறுபடி வளர்ந்து தங்கள் பழைய இடத்துக்கே போயின. மேலே பூச்சி தெரிந்தால் தவளை கீழே பாய்ந்தது, கடைசிவரை திருந்தவில்லை. இரசாயன அடையாளம் இருக்கிறதென்று 1963 இல் அவர் எழுதினார். 1980களில் ஜெர்மனியில் பிரீட்ரிக் பொன்ஹோபர் கோழி முளையத்து மூளையின் முன், பின் பகுதிகளின் மென்சவ்வை மாறிமாறிக் கோடுகளாகப் பரப்பி இழைகளை வளரவிட்டார். காதுப் பக்கத்து இழைகள் பின்பகுதிக் கோடுகளைத் தவிர்த்து வளர்ந்தன. அந்தச் சவ்வைச் சூடாக்கியதும் விலகல் நின்றது. அப்படியானால் விரட்டுவது ஒரு புரதம். அந்த எஃப்ரின் கையில் அகப்பட்டது 1995 இல்.

வாடை போடுவது பருமட்டான வரைபடம். கண் திறக்குமுன்பே விழித்திரையில் தானாக எழும் மின்னலைகள் அதைத் திருத்துகின்றன. பிறந்தபின் பார்த்துப் பார்த்து இன்னும் திருந்துகிறது. பிறவிக் கண்புரையைச் சீக்கிரம் அகற்றச் சொல்வது இதனால்தான்.

இப்போது நியூயோர்க்குக்கு வருவோம். கண்ணை மாற்றும்போது அத்தனை இழைகளும் வெட்டுப்படுகின்றன. தவளைக்கு அவை திரும்ப வளரும்; நமக்கு வளர்வதில்லை. வெட்டுப்பட்ட கலங்களில் பெரும்பாலானவை இறந்துவிடும். நரம்பின் உறையிலுள்ள புரதங்களும் எஞ்சியதை வளரவிடாமல் தடுக்கும். கருவில் குறுகிய தூரமாக இருந்த வழியும் இப்போது நீண்டுவிட்டது. பொருத்திய இடத்தில் கொடையாளியின் எலும்பு மச்சைக் குருத்துக்கலங்களையும் வைத்துப் பார்த்தார்கள், பார்வை வரவில்லை. அடுத்த ஆண்டே பார்வை என்று யாராவது சொன்னால், எத்தனை இழைகள் மூளையைத் தொட்டன என்று கேளுங்கள்.

சாவகச்சேரி வாசகருக்கு: ஐயாவின் பார்வையை இன்றைய மருத்துவத்தால் மீட்க முடியாது. ஆனால் குளுக்கோமா குடும்பத்தில் தொடரக்கூடியது. பெரும்பாலும் தொடக்கத்தில் நோவும் இல்லை. நீங்களும் உங்கள் சகோதரங்களும் யாழ். போதனா வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்க் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதித்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் சொட்டு மருந்தால் மிச்ச இழைகளைக் காப்பாற்றலாம்.