பீடிப் புகையும் நெஞ்சுச் சளியும்

மன்னார்குடியைச் சுற்றியுள்ள வயல்களில் சம்பா நடவுக் காலத்து விடியற்காலையில், முழங்கால் சேற்றில் நின்று நாற்றுப் பறித்துவிட்டுக் கரையேறுகிற ஆட்கள், காதில் செருகியிருந்த பாதிப் பீடியை எடுத்துப் பற்றவைத்துக்கொண்டு, "ரெண்டு இழுப்பு இழுத்தாத்தான் குளிர் விடும், நெஞ்சுச் சளியும் முறியும்" என்று சொல்வதைத் தஞ்சைச் சீமையில் கேளாதவர் இரார். பீடி இலை காற்றை எளிதில் உள்ளே விடுவதில்லை. ஆதலால் அது அடிக்கடி அணைந்துபோகும். அணையாமலிருக்க ஓயாமல் இழுக்கவேண்டும். உருவத்தில் சிகரெட்டைவிடச் சிறியதாயினும், அதன் புகை நுரையீரலின் அடித்தலம்வரை சென்றே தீரும். முறிவதாக அவர்கள் எண்ணும் அந்தச் சளியோ, பெரும்பாலும் புகையே வரவழைத்த சளி.

நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளில், உட்புகும் தூசியையும் கிருமியையும் விழுங்கி ஜீரணிப்பதையே தொழிலாகக்கொண்ட அணுக்கள் வாழ்கின்றன. புகைப்பவரின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால், இந்த விழுங்கணுக்கள் புகையாதவரிடம் இருப்பதைவிடப் பன்மடங்கு மிகுந்திருப்பதும், அவற்றின் உள்ளே பழுப்புநிறக் கசடு திணிந்து கிடப்பதும் தெரியும். எண்ணிக்கை பெருகியதால் பாதுகாப்பும் பெருகியது என்று கருதுவது சரியன்று. வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டிவிட்டால் ஆற்றில் தண்ணீர் இருந்தும் கடைமடைக்கு ஏறாததுபோல, க்ஷயரோகக் கிருமி உள்ளே வரும் வேளையில், மற்ற அணுக்களைத் துணைக்கழைக்கும் ரசாயனங்களை இவை போதிய அளவு சுரப்பதில்லை. கிருமி எதுவும் வராத காலத்திலோ, புகையின் உறுத்தலால் வேறுவகை வெள்ளணுக்கள் நுரையீரலில் குவிந்து, எலாஸ்டேஸ் என்னும் நொதியை உமிழ்ந்து, சொந்தத் திசுவையே அரிக்கின்றன. வேண்டாத காலத்தில் அழற்சி, வேண்டிய காலத்தில் அசட்டை என்பதே புகைப்பவர் சரீரத்தின் விபரீதம்.

இதில் நிகோடினின் பங்கு விசித்திரமானது. மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு அழற்சியைத் தணிக்கக்கூடியது என்பதையும், அந்த நரம்பின் ஆணையை ஏற்கும் வாயில் ஒன்று விழுங்கணுக்களின்மேல் உண்டு என்பதையும் கெவின் டிரேசி என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழுவினர் 2003-இல் விளக்கினார்கள். நிகோடின் அதே வாயிலில் புகுந்து அதே ஆணையைப் பிறப்பிக்கிறது. பெருங்குடல் புண்நோய் புகைப்பவர்களிடம் குறைவாகக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். இதைக்கொண்டு பீடிக்கு வக்காலத்து வாங்குவது வீண். அதே நிகோடின் ஈறுகளின் இரத்தக்குழாய்களைச் சுருக்கி, இரத்தம் கசியவிடாமல் ஈறுநோயை மறைக்க, உள்ளே எலும்பு கரைந்து பல் ஆடத் தொடங்கியபிறகே மனிதன் விழித்துக்கொள்கிறான்.

க்ஷயரோகிக்கு வீட்டில் வைத்தே சிகிச்சை செய்யலாம் என்று 1959-இல் உலகுக்கு நிரூபித்துக்காட்டியது நமது சென்னை. அந்தச் சென்னையிலும் விழுப்புரத்துக் கிராமங்களிலும், இறந்துபோன சுமார் 43,000 ஆண்களின் பழக்கங்களை வீடுவீடாக விசாரித்து, உயிரோடிருந்த 35,000 பேருடன் ஒப்பிட்டு, டாக்டர் கஜலட்சுமியும் சகாக்களும் 2003-இல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்ட ஆய்வு, க்ஷயத்தால் மரணமடையும் விகிதம் புகைப்பவர்களிடையே ஏறக்குறைய நான்கு மடங்கு என்று கண்டது. இந்திய ஆண்களின் க்ஷயரோக மரணங்களில் பாதியளவு புகையினால் நேர்வன என்றும் அது மதிப்பிட்டது. புகையென்றால் புற்றுநோயை மட்டுமே நினைக்கிற நாம், இந்தக் கணக்கை ஏனோ பேசுவதே இல்லை.

பழக்கத்தை விட்டால் எல்லாம் உடனே சீராகுமா? ஆயிரம் பேரின் இரத்தத்தைச் சோதித்து, பாரிஸ் பாஸ்டர் நிலையத்தார் 2024-இல் வெளியிட்ட முடிவின்படி, பழக்கத்தை விட்டபின் அழற்சி சார்ந்த கோளாறு விரைவில் தணிகிறது. பழைய நோய்களை ஞாபகம் வைத்திருக்கும் அணுக்களில் படிந்த மாறுதலோ பல ஆண்டுகள் நீடிக்கிறது. ஆகவே, நாளை விடுவதைவிட இன்றே விடுவது லாபம். இரண்டு வாரத்துக்குமேல் இருமல் நீடித்தால், புகைச்சல் இருமல்தானே என்று அலட்சியம் செய்யாமல், அரசு ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்துக்கொள்ளுங்கள். சோதனையும் மருந்தும் அங்கே இலவசம்.