முகம் காணாத பயிற்சி

உபாத்தியாயர் தொழில் புஸ்தகப் படிப்பினால் மாத்திரம் வருவதன்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இதை உணர்ந்தே, 2014-ம் வருஷத்தில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வகுத்த விதிகள், பி.எட். படிப்பை இரண்டு வருஷமாக்கி, அதில் 20 வாரங்களைப் பாடசாலைப் பயிற்சிக்கென்று ஒதுக்கின.

2020 மார்ச்சில் கொரோனா நோய் பாடசாலைகளின் கதவை அடைத்தது. தமிழ்நாட்டில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள் 2021 ஜனவரி 19-ந் தேதி திறந்து, நோய் மறுபடி பரவியதும் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளோ 2021 நவம்பர் முதல் தேதியன்றுதான் திறந்தன. அக்காலத்தில் மதுரையில் பயிற்சி பெற்றவர்களில் பலருக்குச் செல்போன் திரையே வகுப்பாயிற்று.

அவர்களுடைய சங்கடத்தை நேயர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். "புரிந்ததா?" என்று கேட்டால் பதில் மௌனம். இணையச் செலவுக்கு அஞ்சி மாணாக்கன் காமிராவை மூடியிருக்கிறானா, உறங்குகிறானா, எழுந்தே போய்விட்டானா என்று அறிய வழியில்லை. உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் கூலிக் குடும்பங்களில் இருக்கும் ஒரே போனும் பகலில் தகப்பனாரோடு வேலைக்குப் போய்விடும். அவ்வீட்டுக் குழந்தை வகுப்புக்கு வரவேயில்லை. கடைசி பெஞ்சில் வாடிய முகத்தோடு இருக்கும் பிள்ளையைக் கண்டுகொள்வதே உபாத்தியாயருக்கு முதற் பாடம். அப்பிள்ளையைத் திரையில் எங்கே காண்பது? 2019-ல் சர்க்கார் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பேருதவி புரிந்தது மெய்யே. ஆனால் அது பேசுமேயன்றிக் கேளாது.

புதிய கருவிகளைக் கையாளும் திறமை வந்ததே என்பார் சிலர். நாம் அதை மறுக்கவில்லை. ஆயினும் நாற்பது பிள்ளைகளின் இரைச்சலை அடக்கி, அவர்களுடைய மனத்தைப் பாடத்தின் மேல் திருப்பும் வித்தையை எந்தக் கருவி கற்பித்தது?

அன்று சான்றிதழ் பெற்றவர்களில் பலர் இன்று வகுப்பறையில் நிற்கிறார்கள். அவர்கள்முன் அமர்ந்திருப்பவர்களோ, எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய வயதில் பள்ளியை இழந்த குழந்தைகள். இரு தரத்தாருக்கும் குறை உண்டு. இருவர் மீதும் குற்றமில்லை.

ஆதலின் சர்க்காரும் பயிற்சிக் கல்லூரிகளும் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அக்காலத்தில் பயின்ற ஒவ்வொருவருடனும், அனுபவம் மிக்க உபாத்தியாயர் ஒருவரை ஒரு பருவமாவது சேர்த்துவிட வேண்டும். அவர் வகுப்பின் பின்னால் அமர்ந்து கவனித்து, மாலையில் குறைநிறைகளை எடுத்துச் சொல்லட்டும். இதைத் தண்டனையென்று யாரும் எண்ணலாகாது. இது அவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கி. பாக்கியைத் தீர்க்காவிடில் வட்டி செலுத்தப் போகிறவர்கள் நம் குழந்தைகளே.