மேய்ச்சற் கோழியும் கணக்கேடும்

பென்னாகரம், அரூர் முதலிய மானாவாரிப் பகுதிகளில் கோழியில்லாத வீடு அரிது. ஆயினும் சங்கக் கடன் பெற்று மேய்ச்சற் கோழி வளர்க்க முற்படும் அங்கத்தினர்கள் ஓர் உண்மையை முதற்கண் உணர்தல் வேண்டும். நாமக்கல் கூண்டுக் கோழி ஆண்டுக்குச் சுமார் 300 முட்டைகள் இடும். நம் நாட்டுக் கோழியோ 60 முதல் 80 வரையே இடும். முட்டை விலையில் போட்டியிட்டால் தோல்வி நமதே.

நம் இலாபம் வேறிடத்தில் உள்ளது. மேய்ச்சற் கோழி இரையில் பெரும்பகுதியைத் தானே தேடிக்கொள்ளும். தானே அடைகாத்து 21 நாட்களில் குஞ்சு பொரிக்கும். ஆகவே முட்டையைக் குஞ்சாக்கி, வளர்த்து, உயிர் எடைக்கு விற்பதே தக்கது. சந்தையில் கையால் தூக்கிப் பார்த்து விலை கூறுவோரிடம் கொடாது, தராசில் நிறுத்தே விற்றல் வேண்டும்.

இலாபத்தைத் தீர்மானிப்பது பொரித்த குஞ்சுகளின் தொகையன்று, பிழைத்தவற்றின் தொகையே. பருந்துக்குப் பஞ்சாரம் காப்பு. வெள்ளைக்கழிச்சலுக்கோ நோய் வந்தபின் மருந்தில்லை. சில நாட்களில் கோழிகள் மாண்டு, கடன் மட்டும் மிஞ்சும். முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் தடுப்பூசியும் தவறலாகாது. இதற்குக் கால்நடை மருந்தகத்தை அணுகுக.

நாம் பார்வையிடும் கணக்கேடுகள் பலவற்றில் விற்பனை உண்டு. இறந்த குஞ்சும், வீட்டிலிருந்து இட்ட கேழ்வரகும் இரா. அவ்விரண்டையும் எழுதாதவர்க்கு இலாபம் வந்ததா, கைப்பொருள் கரைந்ததா என்பது விளங்காது. தீவனம், மருந்து, இறப்பு, விற்பனை என நான்கு பத்திகள் போதும். பத்துக் கோழிகளுடன் ஓராண்டு எழுதிப் பார்த்த பின்னரே நூறு கோழிகளுக்குக் கடன் கோருக.