சப்பாத்து கடித்தது, அப்பாவுக்கு வலிக்கவில்லை

கடந்த தீபாவளிக்கு அப்பாவுக்கு ஒரு தோல் சப்பாத்து வாங்கினேன். வேலை முடிந்து வரும் வழியில், பொந்தியான் கெச்சிலில் ஒரு கடையில், அவசரமாக. அவரை அழைத்துப் போகவில்லை. வீட்டிலிருந்த பழைய ஜோடியின் அடியில் 8 என்று இருந்ததைக் காலையிலேயே பார்த்து வைத்திருந்தேன். அதே எண்ணில் வாங்கிவிட்டேன்.

அடுத்த வாரம் ஜொகூர் பாருவில் உறவினர் வீட்டுத் திருமணம். அப்பா அந்தப் புதுச் சப்பாத்தைத்தான் போட்டுக்கொண்டார். இரவு வீடு திரும்பிக் கழற்றியபோது, காலுறையில் சுண்டுவிரல் பக்கம் ரத்தக் கறை. அம்மாதான் முதலில் பார்த்தார்.

"ஏங்க, கால் வலிக்கலையா?"

"இல்லையே. கச்சிதமா இருந்துச்சே" என்றார் அப்பா.

அப்பாவுக்கு 15 ஆண்டுகளாக இனிப்பு நீர். மறுநாள் அரசாங்கக் கிளினிக்கில் மிஸி காயத்தைச் சுத்தம் செய்துவிட்டு, மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தார். 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும் இழை அது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பாதத்தில் படும்போது சொல்லுங்கள் என்றார். விரல்களில் தொட்டார், முன்பாதத்தில் தொட்டார். அப்பா கண்ணை மூடியபடி, எப்போது தொடுவார்கள் என்று காத்திருந்தார். பக்கத்தில் நின்ற எனக்குத் தொண்டை அடைத்தது.

ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாக இருந்தால் நரம்புகள் பாதிக்கப்படும். பெரும்பாலும் கால் விரல் நுனிகளில் தொடங்கி மேலே ஏறும். உணர்ச்சி மங்கிய காலுக்குச் சரியான சப்பாத்து தொளதொளவென்று தோன்றும். இறுக்கிப் பிடிப்பதுதான் 'கச்சிதம்' என்று படும். கொப்புளம் உடைந்தாலும் தெரியாது. அதன் மேலேயே நடப்பார்கள். ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் காயம் ஆறாது. கிருமி தொற்றி, விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை பல நேரங்களில் இப்படியொரு சின்னக் காயத்தில்தான் தொடங்குகிறது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர்.

நான் நம்பிய அந்த எண் எதைச் சொல்கிறது? ஆங்கிலேய அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர் வித்தியாசம். ஐரோப்பிய அளவில் 6.7 மில்லிமீட்டர். இரண்டுமே நீளக் கணக்குதான். பாதத்தின் அகலத்தை அந்த எண் சொல்லாது. நிறுவனத்துக்கு நிறுவனம் அச்சும் மாறும். 1920களில் அமெரிக்காவில், காலணிக் கடைக்காரரின் மகன் சார்லஸ் பிரானாக் உருவாக்கிய உலோக அளவுகோல், நீளத்தோடு அகலத்தையும், குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரையுள்ள தூரத்தையும் அளந்தது. அந்தக் கருவி எல்லாக் கடையிலும் இருக்காது. ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் போதும்.

தாளைத் தரையில் வைத்து, அதன்மேல் எழுந்து நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையுங்கள். உட்கார்ந்து வரைந்தால் அளவு குறையும். இரண்டு காலையும் வரையுங்கள். பலருக்கு ஒரு கால் சற்றுப் பெரிதாக இருக்கும். வெட்டியெடுத்த தாளைச் சப்பாத்துக்குள் விடுங்கள். ஓரம் மடங்கினால் அந்த ஜோடி வேண்டாம்.

கடைக்கு மாலையில் போங்கள். நாள் முழுக்க நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். வழக்கமாகப் போடும் காலுறையோடு, இரண்டு காலிலும் போட்டு நின்று பாருங்கள். மிக நீண்ட விரலுக்கு முன்னால் சுமார் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். சிலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம். குதிகால் வழுக்கக்கூடாது. கையை உள்ளே விட்டு, துருத்தும் தையல் இருக்கிறதா என்று தடவுங்கள். கயிறோ ஒட்டுப்பட்டையோ இருந்தால் வீக்கத்துக்கு ஏற்பத் தளர்த்தலாம். 'போடப் போட இளகிடும்' என்ற பேச்சை நம்பி வாங்காதீர்கள்.

புதுச் சப்பாத்தை முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றி, கால் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். உணர்ச்சி குறைந்தவர்களுக்கு ஜப்பான் சிலிப்பரும் ஆகாது. விரலிடுக்கில் வார் அறுப்பது தெரியாது.

அப்பாவின் காயம் ஆற இரண்டு மாதம் ஆனது. அதன்பின் ஒரு மாலையில் அவரையே கடைக்கு அழைத்துப் போனேன். வெட்டிய தாள் என் பையில் இருந்தது. அகலமான ஒரு ஜோடியைப் போட்டு நாலு அடி நடந்தவர், "லூசா இருக்கேடா" என்றார்.

சப்பாத்தைக் கழற்றித் தாளை உள்ளே விட்டுக் காட்டினேன். எங்கும் மடங்கவில்லை.

"உங்களுக்கு அப்படித்தான் தெரியும்ப்பா. இதுதான் சரி."

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, எடு" என்றார்.

இப்போது தினமும் இரவில் அம்மா ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து அவர் பாதத்தின் அடியைப் பார்க்கிறார். வீட்டில் இனிப்பு நீர் உள்ளவர்கள் இருந்தால், இன்றிரவு நீங்களும் பாருங்கள்.