வீட்டில் ஒருவருக்கு சுகர், ஒருவருக்கு ரத்தசோகை... ரேஷன் அரிசியை வைத்தே பட்ஜெட்டில் சமைப்பது எப்படி?

கடலூர் முதுநகரிலோ சிதம்பரத்திலோ ஒரு நாலு பேர் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு சுகர். பாட்டிக்கு பி.பி. கல்லூரி போகும் மகளுக்கு 'ரத்தம் கம்மியா இருக்கு' என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலைக்கும் போய், சமையலும் பார்க்கும் அம்மாவிடம், 'அவருக்குத் தனியா சமைங்க, அரிசியைக் குறைங்க, பழம் வாங்குங்க, புரதம் சேருங்க' என்று ஆளாளுக்கு அட்வைஸ்.

எல்லாம் சரி, காசு? மாசக் கடைசியில் கையில் இருப்பது ரேஷன் அரிசியும் கொஞ்சம் பருப்பும்தான் என்றால் என்ன செய்வது?

ஒருவருக்கு ஒரு அடுப்பு என்று தனித்தனியாகச் சமைக்கத் தேவையில்லை. ஒரே சமையலைத் தட்டில் மாற்றிப் பரிமாறினாலே பாதி வேலை முடிந்துவிடும். எப்படி என்று பார்ப்போம்.

இது எத்தனை வீட்டுப் பிரச்னை?

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - இந்தியாப் ஆய்வின்படி, நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் இது பெரியவர்களில் 14.4 சதவீதம். அதாவது ஏழு பேரில் ஒருவர்.

இன்னொரு பக்கம், 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பாதிப் பேருக்கும் மேல்! ஒரே வீட்டில் சுகரும் ரத்தசோகையும் சேர்ந்து இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

ரேஷன் கணக்கைப் போட்டுப் பார்ப்போமா?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் புதிய உணவு வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,000 கலோரி என்று வைத்தால் தட்டில் இருக்க வேண்டியவை இவை:

• அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம்
• பருப்பு, முட்டை, மீன், இறைச்சி சேர்த்து 85 கிராம்
• கீரை உள்பட காய்கறி 400 கிராம்
• பழம் 100 கிராம்
• பால் அல்லது தயிர் 300 மி.லி
• கடலை, எள் போன்றவை 35 கிராம்
• எண்ணெய், கொழுப்பு 27 கிராம்

இப்போது ரேஷன் பையைத் திறப்போம். நான்கு பேர் உள்ள அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி இலவசம் என்று வைத்துக்கொள்வோம் (அட்டையைப் பொறுத்து அளவு மாறும்). துவரம் பருப்பு 1 கிலோ 30 ரூபாய். பாமாயில் 1 லிட்டர் 25 ரூபாய்.

30 நாள், 4 பேர் என்று வகுத்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பது அரிசி 167 கிராம், பருப்பு வெறும் 8 கிராம்!

தேவையான தானியத்தில் மூன்றில் இரண்டு பங்கு இலவசமாகவே வந்துவிடுகிறது. பருப்பு வகையில் பத்தில் ஒரு பங்குதான் வருகிறது. காய்கறி ரேஷனில் கிடையாது. ஆக, கையில் இருக்கும் காசு எங்கே போக வேண்டும் என்பதற்குப் பதில் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அது இன்னொரு மூட்டை பொன்னி அரிசிக்குப் போகக் கூடாது. பருப்பு, பயறு, முட்டை, மீன், காய்கறிக்குப் போக வேண்டும்.

சோற்றை விட்டு சப்பாத்திக்கு மாறினால் போதுமா?

சுகர் என்றதும் நம் வீடுகளில் முதலில் நடப்பது இதுதான். ராத்திரி நாலு சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமா. 'சோறே சாப்பிடலையே, அப்புறம் ஏன் சுகர் குறையல?' என்று கேள்வி வேறு.

2025-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த ஐ.சி.எம்.ஆர் - இந்தியாப் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. இந்தியர்கள் சாப்பிடும் மொத்த கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ சாப்பிடுவதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதியைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்தால் அபாயம் குறைகிறது.

பேச்சு வழக்கில் சொன்னால், எந்த மாவு என்பதை விட எவ்வளவு மாவு என்பதுதான் கணக்கு. அதற்காகக் கம்பும் கேழ்வரகும் வேண்டாம் என்றில்லை. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆனால் 'சிறுதானியம்தானே' என்று ஆறு தோசை சாப்பிட்டால் சுகர் ஏறத்தான் செய்யும்.

புரதம்: எது மலிவு? நீங்களே கண்டுபிடிக்கலாம்

விலை தினமும் மாறும். ஆனால் இந்தக் கணக்கு மாறாது. 10 கிராம் புரதம் வாங்க எவ்வளவு செலவாகிறது என்று பாருங்கள்:

• பருப்பு, உளுந்து, பச்சைப்பயறு, கொள்ளு: கிலோ விலையை 22-ஆல் வகுக்கவும்
• வேர்க்கடலை: கிலோ விலையை 24-ஆல் வகுக்கவும்
• முட்டை: ஒரு முட்டை விலையை 1.6-ஆல் பெருக்கவும்
• மீன்: தலை, முள் கழிந்துவிடும் என்பதால் கிலோ விலையைத் தோராயமாக 10-ஆல் வகுக்கவும்

ரேஷன் துவரம் பருப்பை வைத்துப் பார்த்தால் 30-ஐ 22-ஆல் வகுக்க வேண்டும். 10 கிராம் புரதத்துக்கு ஒன்றரை ரூபாய்கூட ஆகவில்லை. வீட்டில் சாம்பார் நீர்க்க இருக்கிறது என்றால், முதலில் செய்ய வேண்டியது ரேஷன் பருப்பை ஒரு மாதம்கூட விடாமல் வாங்குவது. அது பத்தாது என்பதால் வெளியில் இன்னும் இரண்டு, மூன்று கிலோ பயறு வகை வாங்கிச் சேர்ப்பது.

டப்பாவில் வரும் புரத பவுடருக்கும் இதே கணக்கைப் போடுங்கள். 100 கிராமில் எவ்வளவு புரதம் என்று லேபிளிலேயே இருக்கும். வகுத்துப் பார்த்தால், கடலை மிட்டாய்க் கடைக்காரரைக் கும்பிடத் தோன்றும்!

நம்ம ஊர் சந்தையில் என்ன வாங்கலாம்?

பயறு: சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் சம்பா அறுவடையை ஒட்டி, வயல் ஈரத்திலேயே உளுந்தும் பச்சைப்பயறும் விதைப்பது வழக்கம். பங்குனி, சித்திரையில் புதுப் பயறு வரும்போது நாலைந்து கிலோ சேர்த்து வாங்கி, காயவைத்து டப்பாவில் போட்டால் பல மாதம் கவலையில்லை. முளைகட்டிய பயறு சுண்டல் சுகர்காரருக்கும் நல்லது, பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கும் நல்லது.

மீன்: கடலூர் துறைமுகம், பரங்கிப்பேட்டை என்று கடலை ஒட்டிய மாவட்டம் இது. வஞ்சிரம்தான் சத்து என்று இல்லை. மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீன்கள் மலிவு. மத்தியில் ஒமேகா-3 கொழுப்பு நிறைய. நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் சேரும். வறுப்பதை விடக் குழம்பு நல்லது, எண்ணெயும் மிச்சம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விலை ஏறும். அந்த இரண்டு மாதத்துக்கு முட்டையும் பயறும் கைகொடுக்கும்.

காய், கீரை: ஒருவருக்கு 400 கிராம் என்றால் நாலு பேருக்கு தினமும் 1.6 கிலோ காய். பல வீடுகளில் இது உடனே நடக்காது. இப்போது வாங்குவதை விட ஒரு கட்டு கீரை, ஒரு துண்டு பூசணி கூடுதலாக என்று ஆரம்பிக்கலாம். உழவர் சந்தையில் சில்லறை விலையை விட சுமார் 15 சதவீதம் குறைவாக விற்க வேண்டும் என்பதுதான் விதி. சுரைக்காய், பூசணி, வாழைத்தண்டு, முருங்கைக்கீரை எல்லாம் விலை குறைந்தவை, சத்தில் குறைந்தவை அல்ல.

கொத்சு: சிதம்பரத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நடராஜர் கோயில் சம்பா சாதத்தோடு பேர் பெற்ற கத்திரிக்காய் கொத்சு, உண்மையில் நல்ல டயட் உணவு. கத்திரிக்காய், புளி, மல்லி, மிளகாய், நல்லெண்ணெய்தான் அதில். நாலு இட்லிக்கு ஒரு கரண்டி கொத்சு என்பதை, இரண்டு இட்லிக்கு இரண்டு கரண்டி கொத்சு, கூடவே ஒரு கிண்ணம் சுண்டல் என்று மாற்றிப் பாருங்கள். நல்லெண்ணெயை மட்டும் அளந்து ஊற்றுங்கள்.

பலா: பண்ருட்டி பலா சீசனில் சுகர் உள்ளவர் இரண்டு சுளையோடு நிறுத்திக்கொள்வது நல்லது, அதுவும் சாப்பாட்டுக்கு மேல் வேண்டாம். பலாக்கொட்டையைக் குழம்பில் போட்டால் அதுவும் மாவுச்சத்துதான், அன்றைக்குச் சோற்றைக் குறைக்க வேண்டும்.

ஒரே சமையல், நாலு தட்டு

இன்றைக்கு வீட்டில் சோறு, மத்தி மீன் குழம்பு, முருங்கைக்கீரைப் பருப்புக் கூட்டு, சுரைக்காய்ப் பொரியல். தட்டில் எப்படிப் பிரிப்பது?

• அப்பா (சுகர்): முதலில் தட்டில் பாதிக்குப் பொரியலும் கூட்டும். கால் பங்கு மீன். மீதிக் கால் பங்குக்குத்தான் சோறு. இரண்டாவது முறை கேட்டால் கூட்டு வைக்கலாம், சோறு வேண்டாம்.
• மகள் (ரத்தசோகை): கீரையும் மீனும் கூடுதல். கூட ஒரு எலுமிச்சைத் துண்டு அல்லது கொய்யா. வைட்டமின் சி இருந்தால் கீரையின் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்டதும் டீ குடித்தால் அது தடைபடும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும்.
• பாட்டி (பி.பி): உப்பு பாதி போட்டு எடுத்து வைத்த பிறகு மற்றவர்களுக்கு உப்பைச் சேருங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் பாட்டிக்கு வேண்டாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்புதான் அளவு, அதாவது ஒரு டீஸ்பூன்.
• அம்மா: கடைசியில் மிச்சம் சோறும் குழம்பும் மட்டும் சாப்பிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. ரத்தசோகைக்கு அதுவும் ஒரு காரணம். மீனையும் கூட்டையும் பரிமாறும்போதே அம்மாவுக்கு ஒரு பங்கை எடுத்து வையுங்கள். இதற்குச் செலவு பூஜ்யம்!

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை இருந்தால், சத்துணவு முட்டையையும், 1 முதல் 5-ஆம் வகுப்பு வரையிலான காலை உணவையும் வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள்.

ரேஷன் அரிசியில் நிறம் மாறிய மணிகள் இருக்கின்றனவே?

'பிளாஸ்டிக் அரிசி' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது இதைத்தான். அது இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டிய மணி. 100 அரிசிக்கு 1 என்ற அளவில் கலப்பார்கள். பார்க்க வித்தியாசமாக இருக்கும். பொறுக்கி எறிந்தால் சத்தை எறிவதாக அர்த்தம்.

காசு வீணாகும் இடங்கள்

• 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட்: சர்க்கரை இல்லை, மைதா இருக்கிறது.
• வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன்: வெள்ளைச் சர்க்கரையை விட விலை அதிகம். ஆனால் சுகரை ஏற்றுவதில் எதுவும் குறைச்சல் இல்லை.
• 'ஹெல்த் டிரிங்க்': 2024 ஏப்ரலில், இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து நீக்கும்படி ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு மத்திய அரசு அறிவுறுத்தியது. பாலும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் போதும்.
• ரேஷன் சர்க்கரை: தலைக்கு அரை கிலோ கிடைக்கிறது என்பதற்காக அத்தனையும் தீர்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் மாற்றக் கூடாது

சுகர் மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர் திடீரென்று சோற்றைப் பாதியாகக் குறைத்தால் சுகர் இறங்கிவிடலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, மயக்கம் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவருக்குப் புரதம், கீரை, பழம் எல்லாவற்றுக்கும் தனி அளவு உண்டு. மேலே சொன்ன எதுவும் அவர்களுக்குப் பொருந்தாது. கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்டே மாற்ற வேண்டும்.

பரிசோதனைக்குச் செலவா?

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பி.பி மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பி.பி பரிசோதனை இலவசம், இரும்புச்சத்து மாத்திரையும் இலவசம். பெரிய மருத்துவமனை வேண்டும் என்றால் கடலூரில் அரசு தலைமை மருத்துவமனையும், சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. மாத்திரைக்கும் டெஸ்டுக்கும் மிச்சமாகும் காசு கீரைக்கும் முட்டைக்கும் போகட்டும்.

சரி, நாளைக்கே என்ன செய்யலாம்? மூன்றே விஷயம். சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, பருப்பில் ஒரு கரண்டி கூட்டுங்கள். டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். அம்மா தட்டிலும் மீன் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.